ஓட்டுநர் சொல்கிறார், நாம் கேட்கிறோமா?

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளைத் தவிர வேறு எந்த வாகனத்தையும் நான் இயக்கியதில்லை. அப்படிப்பட்ட ஒருவன் கார்களில் இன்று பொருத்தப்படும் வசதிகளையும் பாதுகாப்புச் சாதனங்களையும் பற்றி எழுத முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் வாடகைக் கார்களின் முன்னிருக்கையில் அமர்ந்து பயணம் செய்து வருகிறேன்.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டல்லவா? திருமணத்திற்கோ, ஜனாஸாவுக்கோ, வெளிநாட்டிலிருந்து வருபவரை அழைத்து வரவோ கார் புறப்படும்போது, மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர் ஒருவர் உடன் வந்தால், "ஹஜ்ரத் முன்னால் உட்காரட்டும்" என்று கதவைத் திறந்துவிடுவார்கள். அந்த மரியாதையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வரும். இரவுப் பயணமாயின், ஓட்டுநர் கண்ணயர்ந்துவிடாதபடி அவரோடு பேசிக்கொண்டே வரவேண்டும்.

என்ன பேசுவது? அவரவர் தொழிலைப் பற்றிக் கேட்டால்தான் எவரும் தடையின்றிப் பேசுவர். ஆகவே நான் காரைப் பற்றிக் கேட்பேன். "இந்த வண்டியில் உங்களுக்குப் பிடித்தது எது? பிடிக்காதது எது?" என்பதுதான் என் வழக்கமான கேள்வி. எங்கள் ஊரான காயல்பட்டினத்திலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் அந்த ஒரு கேள்விக்கு நூறு விடைகள் கிடைத்துவிடும்.

சொகுசா, மருந்தா?

எங்கள் தெருவில் ஒரு மூத்த ஓட்டுநர் இருக்கிறார். அம்பாஸிடரில் தொழில் கற்றவர். முன்னால் மூவர் நெருக்கி அமரக்கூடிய நீண்ட இருக்கையும், ஸ்டீயரிங்கை ஒட்டியே அமைந்த கியரும் கொண்ட அந்தக் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுபோயிற்று. ஆயினும் அவருக்கு இன்றும் அதுதான் 'வண்டி', மற்றவையெல்லாம் 'டப்பா'. அத்தகையவரும் பவர் ஸ்டீயரிங்கைப் பற்றிப் பேசும்போது இளகிவிடுவார்.

"ஹஜ்ரத், அந்த நாளில் மதுரைக்குப் போய்த் திரும்பினால், தோளில் தைலம் தேய்க்காமல் தூங்க முடியாது. இப்போது தைலச் செலவு மிச்சம்" என்பார்.

குளிர்சாதன வசதி பற்றியும் அவருக்குத் தனிக் கருத்து உண்டு. "குளிர்ச்சி உங்களுக்கு. எனக்கு அது தூசியும் புகையும் ஹாரன் சத்தமும் வராமல் கதவை அடைத்துக்கொள்ளும் வசதி. ஆனால், விடியற்காலை மூன்று மணிக்கு அதே குளிர்ச்சி தாலாட்டாக மாறிவிடும். அப்போது கண்ணாடியை இறக்கிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்."

சென்னைக்குச் சென்றிருந்தபோது சந்தித்த ஒரு டாக்ஸி ஓட்டுநரின் சொல்லும் என் நினைவில் நிற்கிறது. நகர நெரிசலில் நாள் முழுவதும் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்துவிட்டதாம். கடன் வாங்கி, கிளட்ச் இல்லாத தானியங்கி கியர் வண்டி வாங்கியிருந்தார். "இதைச் சொகுசு என்கிறார்கள் பாய். எனக்கு இது மருந்து" என்றார். ஏறி அமர்ந்து இறங்கிப் போகும் நமக்கு ஆடம்பரமாகத் தோன்றும் பொருள், பன்னிரண்டு மணி நேரம் அதனோடு வாழ்பவருக்கு உடல்நலமாக இருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பின்னால் தடையிருந்தால் ஒலியெழுப்பும் கருவியையும், பின்புறத்தைத் திரையில் காட்டும் கேமராவையும் குறை சொன்ன ஓட்டுநர் எவரையும் நான் கண்டதில்லை. 2019 ஜூலை முதல் விற்கப்படும் புதிய கார்களில் அந்த ஒலிக்கருவி கட்டாயமாயிற்று. பிள்ளைகள் ஓடி விளையாடும் நம் குறுகிய தெருக்களில் பின்னோக்கி வண்டியை எடுப்பவர் எவ்வளவு அஞ்சுவார் என்பதை நாம் அறிவோம். "கேமராவில் சேறு தெறித்துவிட்டால் மட்டும் அது பொய் சொல்லும். ஆகையால் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்" என்றார் ஒருவர். கருவியை நம்புவதிலும் ஓர் அளவு வைத்திருந்தார் அவர்.

எல்லோரும் ஒருமித்துக் கடிந்துகொண்டது, பெரிய தொடுதிரையை. முன்பெல்லாம் குளிரைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் கை தானாகவே அதைத் தேடிப் பிடித்துவிடும். திரையிலோ பார்த்துத்தான் தொடவேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் இரண்டு நொடியில் ஏறத்தாழ 44 மீட்டர் ஓடிவிடும். அத்தனை தூரமும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்கு இது சமம் அன்றோ? ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திர மதிப்பு வழங்கும் அமைப்பு, 2026 முதல் ஹாரன், வைப்பர், திருப்ப விளக்கு போன்றவற்றிற்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பு என்று விதித்ததை அறிந்தபோது, நம் ஓட்டுநர்களின் முணுமுணுப்பு எவ்வளவு நியாயமானது என்று எண்ணிக்கொண்டேன்.

காலடியில் நடுங்கிய பிரேக்

ஏ.பி.எஸ். என்னும் பிரேக் அமைப்பைப் பற்றி மூத்த ஓட்டுநர் ஒருநாள் தம் கதையைச் சொன்னார்.

மழை பெய்துகொண்டிருந்த மாலை. முன்னால் சென்ற சரக்கு வண்டி திடீரென நின்றது. இவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். காலுக்கு அடியில் மிதி படபடவென்று நடுங்கிற்று. பிரேக் உடைந்துவிட்டது என்று அஞ்சிக் காலை எடுத்துவிட்டார். கார் முன்வண்டியில் மோதி விளக்கு நொறுங்கிற்று. பணிமனையில் வண்டியை விட்டு, "பிரேக் உதைக்கிறது, பாருங்கள்" என்று புகார் சொன்னாராம். மெக்கானிக் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி, அது நடுங்கினால் வேலை செய்கிறது என்று பொருள். காலை எடுக்கவே கூடாது" என்றாராம்.

பழைய கார்களில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரங்கள் இறுகிப்போகும். இறுகிய சக்கரத்தோடு வண்டி சறுக்கும்போது, ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கேட்பதில்லை. சக்கரம் இறுகப்போவதை உணர்ந்து, ஒரு நொடிக்குள் பலமுறை பிரேக்கைத் தளர்த்தியும் பிடித்தும் காப்பதே ஏ.பி.எஸ். அமைப்பின் பணி. அதனால்தான் மிதி நடுங்குகிறது. அதனால்தான் பிரேக் பிடித்த நிலையிலும் வண்டியைத் திருப்ப முடிகிறது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திற்கும் இது கட்டாயமாயிற்று.

"முப்பது வருட அனுபவம் எனக்கு. வண்டியைக் கொடுத்தவர்கள் சாவியைக் கொடுத்தார்கள்; இந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை" என்று அவர் வருந்தியது நியாயமே.

ஓயாத மணியோசை

இனி, என்னைத் தலைகுனிய வைத்த செய்திக்கு வருகிறேன்.

2022ஆம் ஆண்டில் ஒரு பயணம். முன்னிருக்கையில் அமர்ந்து கதவைச் சாத்தினேன். சீட் பெல்ட் போடாததால் கார் 'டிங், டிங்' என்று ஒலிக்கத் தொடங்கிற்று. "இந்தச் சத்தத்தை நிறுத்த வழியில்லையா தம்பி?" என்று கேட்டேன். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே சிறு பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தார். பெல்ட்டின் நாக்கைப் போன்ற ஓர் இரும்புத் துண்டு. அதைப் பெல்ட் மாட்டும் கொக்கியில் செருகினார். ஓசை நின்றது. பெல்ட் போட்டாயிற்று என்று அந்தக் கார் நம்பிவிட்டது.

"இதை எதற்கு வாங்கினீர்கள்?" என்றேன்.

"நான் எங்கே ஹஜ்ரத் வாங்க ஆசைப்பட்டேன்? ஏறுகிறவர்கள் எல்லாரும் நீங்கள் கேட்டதைத்தான் கேட்கிறார்கள். 'போடுங்கள்' என்று சொன்னால் முகம் மாறிவிடுகிறது. அடுத்தமுறை வேறு வண்டி கூப்பிட்டுவிடுகிறார்கள்" என்றார்.

அந்த விடை அன்று என் உள்ளத்தைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில், இத்தகைய இரும்புத் துண்டுகளை இணையத்தில் விற்ற ஐந்து நிறுவனங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன என்ற செய்தி வெளியானது. இத்தனை விற்பனை யாரால் நடந்தது? நம்மைப் போன்றவர்களின் காதுக்கு அந்த ஓசை இனிக்காததால் அன்றோ?

வள்ளியூரைத் தாண்டி...

அதே 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஷார்ஜாவில் வீட்டு ஓட்டுநராகப் பணிபுரியும் என் தங்கையின் கணவர் மூன்றாண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பினார். அவரை அழைத்து வர உம்மா, தங்கை, அவளுடைய மூன்று வயது மகன், நான் ஆகிய நால்வரும் இரவில் திருவனந்தபுரத்திற்குப் புறப்பட்டோம். இம்முறை வந்தவர் வேறோர் இளைஞர். ஓட்டுநராகும் முன் கார்ப் பணிமனையில் இரண்டாண்டு வேலை பார்த்தவர்.

மருமகன் என் மடியில் உட்கார்ந்துகொண்டான். இளைஞர் வண்டியைக் கிளப்பவில்லை.

"ஹஜ்ரத், பிள்ளையைப் பின்னால் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

"ஏன் தம்பி, நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றேன்.

"மோதினால் இந்த டேஷ்போர்டிலிருந்து ஏர்பேக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். பை விரிந்து வந்த வண்டிகளைப் பணிமனையில் பார்த்திருக்கிறேன். பெல்ட் போட்ட பெரியவருக்குத்தான் அது தலையணை. மடியில் இருக்கும் பிள்ளைக்கு அது அடி."

பலர் முன்னிலையில் சொன்னதால் எனக்குச் சற்றே மனத்தாங்கல். ஆயினும் பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்தேன். அவர் அத்துடன் விடவில்லை. பின்னிருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போடவேண்டும் என்றார். தேடினால் பெல்ட் இருந்தது. மாட்டும் கொக்கியைக் காணவில்லை. வண்டிக்குப் புதிதாகப் போட்டிருந்த அழகிய இருக்கை உறை அதை உள்ளே மறைத்துவிட்டிருந்தது. இளைஞர் இறங்கி வந்து உறையைத் தூக்கிக் கொக்கியை வெளியே எடுக்க முயன்றார். விமானம் இறங்கும் நேரம் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உம்மாவோ, "அது நெஞ்சை அழுத்தும் வாப்பா, எனக்கு வேண்டாம்" என்றார்கள்.

"பரவாயில்லை தம்பி, பின்னால்தானே இருக்கிறார்கள். புறப்படுங்கள்" என்று நான்தான் சொன்னேன்.

சாத்தான்குளம் வழியாகச் சென்று, வள்ளியூரைத் தாண்டி நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். நள்ளிரவைக் கடந்த நேரம். எதிர்த்திசையில், விளக்கில்லாமல் ஓர் இருசக்கர வாகனம் எங்கள் பாதையிலேயே வந்தது. இளைஞர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். மிதி நடுங்கும் ஓசை எனக்கும் கேட்டது. அவர் காலை எடுக்கவில்லை. பிரேக்கைப் பிடித்தபடியே வண்டியை இடப்பக்கம் திருப்பிச் சாலையோரத்தில் நிறுத்தினார். இருசக்கர வாகனத்தில் வந்தவர் தப்பினார். எங்கள் காரிலும் ஒரு கீறல் இல்லை.

பின்னாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. உறக்கத்திலிருந்த அவர்கள் முன்னே தூக்கியெறியப்பட்டு, என் இருக்கையின் முதுகில் மோதியிருந்தார்கள். ஊன்றிய வலக்கையின் மணிக்கட்டு முறிந்துவிட்டது. தங்கையின் மடியிலிருந்து நழுவிய பிள்ளை, கால்மாட்டில் வைத்திருந்த தலையணையின்மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தான். அவனுக்குக் காயமில்லை. அல்ஹம்துலில்லாஹ்! அவன் என் மடியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த வேகத்தில் பதினான்கு கிலோப் பிள்ளையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் உம்மாவுக்குக் கட்டுப் போட்டார்கள். விமான நிலையத்தில் காத்திருந்த மச்சான் தனியே ஒரு டாக்ஸி பிடித்து அங்கு வந்து சேர்ந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் மாமியாரைக் கண்டவர் கேட்ட முதற்கேள்வி, "பெல்ட் போட்டிருந்தீர்களா?" என்பதுதான்.

எவரும் விடை சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "அமீரகத்தில் 2017 ஜூலை 1 முதல் பின்னிருக்கையிலும் கட்டாயம். போடாவிட்டால் 400 திர்ஹம் அபராதம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும். என் முதலாளி வீட்டுப் பிள்ளைகளை அப்படித்தான் உட்காரவைத்துக் கூட்டிப் போகிறேன். ஆனால், ஊருக்கு வந்து இறங்கினால் நானே போடுவதில்லை மச்சான். அங்கே காசுக்குப் பயந்தேனே தவிர, உயிருக்குப் பயப்படவில்லை."

நம் நாட்டுச் சட்டமும் வேறன்று. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெல்ட் அணியாமைக்கு 1,000 ரூபாய் அபராதம். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்கத் தவறினாலும் அதே அபராதம். 2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தபோது, பின்னிருக்கையில் அவர் பெல்ட் அணியவில்லை என்று காவல்துறை தெரிவித்ததை நாடே பேசிற்று. நானும் பேசினேன். பேசியதோடு சரி.

என் மௌனம்

உம்மாவைப் பார்க்க உறவினர் பலர் வந்தனர். "டிரைவர் பையன் வேகமாக ஓட்டியிருப்பான்", "இப்படியா பிரேக் பிடிப்பது?" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் அங்கேயே அமர்ந்திருந்தேன். 'அவர் சொன்னதை மறுத்தவன் நான்' என்று ஒரு வார்த்தை சொல்ல என் நாவு எழவில்லை. பேச்சு கார் உரிமையாளரின் காதுக்கு எட்டிற்று. அந்த இளைஞருக்கு வெளியூர்ப் பயணங்கள் நின்றுபோயின. அதில்தான் அவருடைய வருமானமே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டச் சொல்லிப் பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி அன்றைய பாடத்தில் வந்தது. ஆண்டுதோறும் நான் விளக்கும் பாடம்தான். அன்று தொண்டை அடைத்தது. கட்டுவதற்குப் பெல்ட் இருந்தது. கட்டச் சொல்ல ஓர் ஆளும் இருந்தார். 'வேண்டாம்' என்றவன் நான். அந்தப் பழியையும் இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு அமர்ந்திருக்கிறேன்!

அன்று அஸர் தொழுகைக்குப் பின் உரிமையாளரின் வீட்டிற்குச் சென்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அன்றிரவே உறவினர்களிடமும் சொன்னேன். மறுவாரம் இளைஞருக்கு மீண்டும் வெளியூர்ப் பயணம் கிடைத்தது. அவர் என்மீது ஒரு குறையும் சொல்லவில்லை. காரின் பின்கதவைத் திறந்து காட்டினார். அந்த அழகிய உறையில் மூன்று இடங்களில் பிளேடால் கீறி, ஓரம் தைத்து, கொக்கிகளை வெளியே எடுத்துவிட்டிருந்தார்.

யாருடைய கருத்து?

அன்பு வாசகர்களே! ஓட்டுநர்களின் கருத்தைச் சேகரித்தேன் என்று நான் எண்ணியிருந்தேன். இன்று யோசித்துப் பார்த்தால், அதில் பாதி நம்முடைய கருத்தே. ஓசையை நிறுத்தும் இரும்புத் துண்டை அவர் வைத்திருப்பது நமக்காக. 'போடுங்கள்' என்று சொல்லத் தயங்குவது நம் முகம் மாறுவதற்கு அஞ்சி. மத்திய அரசின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் சீட் பெல்ட் அணியாமல் சாலை விபத்தில் இறந்தோர் 16,715 பேர். அவர்களில் ஓட்டுநர்கள் 8,384 பேர். உடன் பயணம் செய்தவர்கள் 8,331 பேர். ஏறத்தாழப் பாதிக்குப் பாதி!

மூன்று முனைகளில் உடலைப் பிடிக்கும் இந்தப் பெல்ட்டை 1959இல் ஸ்வீடன் நாட்டின் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். உயிர் காக்கும் பொருள் என்பதால், அதன் காப்புரிமையை மற்றெல்லாக் கார் நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள அந்நிறுவனம் அனுமதித்தது. விலையில்லாமல் பிறருக்குக் கொடுக்கப்பட்ட அந்தப் பொருளை நாம் உறைக்குள் புதைத்து வைத்திருக்கிறோம்.

அடுத்தமுறை வாடகைக் காரில் ஏறும்போது, பின்னிருக்கையின் உறையைத் தூக்கிக் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையை மடியில் வைத்து முன்னால் அமராதீர்கள். ஓட்டுநர் பெல்ட் போடச் சொன்னால் "சரி தம்பி" என்று சொல்லுங்கள். அவர் சொல்லாவிட்டால், நீங்கள் முதலில் போட்டு அவருக்குத் துணிவு கொடுங்கள்.

உம்மாவின் கை கூடிவிட்டது. ஆனால், ஈரத்துணியைப் பிழியும் வலிமை அந்த மணிக்கட்டுக்குத் திரும்பவில்லை. இப்போது காரில் ஏறியதும், அந்தக் கையால் பெல்ட்டை இழுத்து என்னிடம் நீட்டி, "இதை மாட்டிவிடு வாப்பா" என்கிறார்கள். மாட்டிவிட்ட பிறகுதான் நான் முன்னிருக்கைக்குச் செல்கிறேன்.